தேதியை முந்திக்கொண்ட கோப்பைகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியை ஆற்றி வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

என் கண்ணாடி அலமாரியைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பழைய மாணவர்கள் கொஞ்சம் தயங்கிக் கேட்பார்கள். "டீச்சர், வ.உ.சி. இழுத்த செக்கைப் பற்றிப் பாடம் நடத்தும்போது உங்கள் கண் கலங்கும். அந்த நீங்களா விக்டோரியா மகாராணி படம் போட்ட கோப்பையை வாங்கி வைத்திருக்கிறீர்கள்?" உறவுக்காரர்களுக்குத் தயக்கம் கிடையாது. "அத்தை, வெள்ளைக்காரன் போய் எவ்வளவு வருஷம் ஆச்சு, இன்னும் அவன் பாட்டி படத்தைத் துடைச்சுக்கிட்டு இருக்கீங்களே!"

நியாயமான கேள்வி. நாற்பது உருப்படிகள் இருக்கின்றன. மகள் வீட்டுக்கு லண்டன் போகும்போதெல்லாம் பழைய பொருள் சந்தையில் பொறுக்கியவை. ஐந்து பவுண்டுக்கு மேல் எதற்கும் கொடுப்பதில்லை என்பது என் விதி. அரண்மனைக் கடையில் விற்கும் தங்க விளிம்புத் தட்டுகள் என்னிடம் கிடையாது. தெருவில் கூவி விற்ற சாமான்கள்தான்: விளிம்பு உடைந்த பீங்கான் கப், பெயிண்ட் உதிர்ந்த தகர டப்பா, துருப்பிடித்த சட்டை பேட்ஜ், பழுத்துப்போன ஒரு பேப்பர் நாப்கின். இவற்றில் ராஜா முகம் இருக்கிறது. ஆனால் நான் பார்ப்பது முகத்துக்குக் கீழே அச்சடித்திருக்கும் தேதியை.

வகுப்பில் நான் அடிக்கடி சொன்னது நினைவிருக்கிறதா? வரலாற்றுச் சான்றுகள் எல்லாம் நிகழ்ச்சி நடந்த பிறகு எழுதப்பட்டவை. கல்வெட்டும் அப்படித்தான், நாட்குறிப்பும் அப்படித்தான், பத்திரிகைச் செய்தியும் அப்படித்தான். இந்த மலிவு நினைவுப் பொருள் ஒன்றுதான் விதிவிலக்கு. விழா முடிந்த மறுநாள் அதை யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே விழாவுக்கு முன்பே செய்து, முன்பே தேதி அச்சடித்து, முன்பே விற்றாக வேண்டும். நடக்கப் போவதை நடந்ததாகவே எழுதிவிட்ட வரலாறு இது. நடக்காமல் போனால் அந்தப் பழி கோப்பையின் மேல் நிற்கும். நஷ்டம் அதை விற்றவன் தலையில் விழும்.

முதலில் அந்த வியாபாரம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

ராஜா பெயரை வைத்துப் பிழைப்பது இங்கிலாந்தில் மிகப் பழைய தொழில். 1471-ல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்த ஆறாம் ஹென்றியைப் பிறகு மக்கள் புனிதர்போல் வணங்கினார்கள். அவருடைய கல்லறைக்குப் போய் வந்தவர்களுக்கு விற்ற ஈயம் கலந்த சின்னச் சின்னப் பதக்கங்கள் லண்டனில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. தேம்ஸ் நதிச் சேறு அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழிலின் மொத்த வியாபார மையம் கிழக்கு லண்டனின் ஹவுண்ட்ஸ்டிச் தெரு. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1850-களில் லண்டன் தெரு வியாபாரிகளிடம் நேரில் பேசி ஒரு பெரிய நூல் எழுதினார். அந்தத் தெருவின் மலிவுச் சரக்குக் கடைகளைப் பற்றியும் அதில் விவரமாக வருகிறது. தெரு வியாபாரி அங்கே கையில் உள்ள காசைக் கொடுத்து டஜன் கணக்கில் சரக்கு எடுப்பான். தட்டில் பரப்பிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செயின்ட் பால் தேவாலயத்துக்கு ஏறும் லட்கேட் ஹில் சாலையில் வரிசையாக நிற்பான். நடைபாதையில் நிற்க இடம் கிடையாது. அதற்குக் கீழே, சாலையோர வடிகாலில்தான் நிற்க வேண்டும். 'சாக்கடை வணிகர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். பெரும்பாலான சாமான் ஒரு பென்னி. அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்னி.

அந்த ஒரு பென்னிச் சாமானைப் பெரிய மனிதர்கள் யாரும் சீண்டவில்லை. எர்னஸ்ட் கிங் என்ற ஒருவர் மட்டும் 1893 முதல் 1918 வரை இந்தத் தெரு வியாபாரிகளிடமிருந்து பென்னி பொம்மைகளை விடாமல் வாங்கிச் சேர்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பொம்மைகள் இன்று லண்டன் அருங்காட்சியகத்தின் சொத்து. அவர் வாங்கி வைத்திராவிட்டால் அவை குப்பைக்குப் போயிருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அவர்தான் பிள்ளையார் சுழி.

இப்போது ஒரு கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். 1887-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு வணிக முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் செய்த பொருளை உள்நாட்டுப் பொருள்போல் விற்கக் கூடாது, எந்த நாட்டுச் சரக்கு என்று குறிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜெர்மன் சரக்கை அடையாளம் காட்டி ஒதுக்கலாம் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. அந்த முத்திரையே மலிவான, தரமான சரக்குக்கு விளம்பரம் ஆகிவிட்டது. அதே 1887-தான் விக்டோரியாவின் பொன்விழா ஆண்டு. மேலே மகாராணி, அடியில் ஜெர்மனி என்ற பொருட்கள் முதல் உலகப் போர் வரை லண்டன் தெருக்களில் விற்றன. பிரிட்டிஷ் தேசபக்தியை பவேரியாவிலும் பொஹீமியாவிலும் சூளையில் சுட்டு எடுத்தார்கள். ஜெர்மனியின் இடத்தில் இப்போது சீனா இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சரக்கு தொலைதூரத்தில் தயாராகிக் கப்பல் ஏறி வர வேண்டும் என்றால் பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும். ராஜாவின் உடம்புக்கு என்ன வரும், மனசுக்கு என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

1902-ல் உடம்புக்கு வந்தது.

விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்தார். மகன் ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26 அன்று முடிசூட்டு விழா என்று அறிவித்தார்கள். அறுபத்து நான்கு வருஷமாக லண்டன் முடிசூட்டு விழாவைப் பார்த்ததில்லை. கோப்பை, தட்டு, பதக்கம், கைக்குட்டை என்று எல்லாவற்றிலும் ஜூன் 26 ஏறிவிட்டது. விழாவுக்கு இரண்டே நாள் முன்பு, ஜூன் 24 அன்று, ராஜாவுக்கு வயிற்றில் கட்டி என்று அரண்மனையிலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். விழா ஒத்திவைப்பு. வெளிநாட்டு விருந்தாளிகள் மூட்டை கட்டினார்கள். தயாரான அரண்மனை விருந்துச் சாப்பாடு லண்டன் ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ராஜா பிழைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 9 அன்று முடிசூடினார்.

என் மாணவர்களில் வழக்கறிஞர்கள் சிலர் உண்டு. 'கிரெல் எதிர் ஹென்றி' வழக்கை நீங்கள் முதல் வருஷத்தில் படித்திருப்பீர்கள். அது இந்த ஜூன் 26-ல் பிறந்த வழக்குதான். ஊர்வலம் போகும் பால் மால் தெருவில் கிரெல் என்பவரின் வீட்டு அறைகளை, ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்க, ஹென்றி என்பவர் இரண்டு பகல்களுக்கு 75 பவுண்டுக்குப் பேசி 25 பவுண்டு முன்பணம் கொடுத்தார். ஊர்வலம் நின்றுபோனது. பாக்கி 50 பவுண்டைத் தர மாட்டேன் என்றார் ஹென்றி. 1903-ல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஒப்பந்தத்தின் அடிப்படையே ஊர்வலம்தான், அது இல்லை என்றால் ஒப்பந்தமும் இல்லை என்று தீர்ப்பு. நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைப் பாடம் நடத்தும்போது இந்த வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சரி, ஜன்னலை வாடகைக்குப் பேசியவருக்கு நீதிமன்றம் இருந்தது. லட்கேட் ஹில்லில் கழுத்தில் தட்டை மாட்டி நின்றவனுக்கு? அவன் யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை. கைக்காசைக் கொடுத்துச் சரக்கு எடுத்தவன். அந்தக் காசை அவனுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று என்று நம் பாட்டிமார் சொல்வது இவனுக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அவன் பெயர் இல்லை. என் அலமாரியில் ஜூன் 26 என்று அச்சடித்த கோப்பை ஒன்று இருக்கிறது. அவன் இருந்ததற்கு எனக்குத் தெரிந்த சாட்சி அதுதான். ஒன்றரை பவுண்டு கொடுத்தேன்.

1936-ல் ராஜாவின் மனசுக்கு வந்தது.

எட்டாம் எட்வர்டு 1936 ஜனவரியில் அரியணை ஏறினார். 1937 மே 12 முடிசூட்டு விழா என்று நாள் குறித்தார்கள். இளைஞர், அழகர், விற்பனைக்கு ஏற்ற முகம். ஆனால் அவர் இருமுறை மணமுறிவு கண்ட வாலிஸ் சிம்ப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணியை மணந்தே தீர்வேன் என்றார். அரசாங்கமும் திருச்சபையும் ஒப்பவில்லை. 1936 டிசம்பரில் அரியணையைத் துறந்தார். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. சூளையிலிருந்து வந்த கோப்பைகள் கிடங்குகளில் குவிந்து கிடந்தன.

தம்பி ஆறாம் ஜார்ஜ் ராஜாவானார். விழாத் தேதியை மட்டும் மாற்றவில்லை. அதே மே 12, ஆள் மட்டும் வேறு. அவசர அவசரமாக முகத்தையும் பெயரையும் மாற்றிப் புதுச் சரக்கு வந்தது. எரிக் ரவீலியஸ் என்ற நல்ல ஓவியர் வெட்ஜ்வுட் நிறுவனத்துக்காக எட்டாம் எட்வர்டு கோப்பை ஒன்றை வரைந்திருந்தார். வாண வேடிக்கை போட்ட அருமையான கோப்பை. அதே வடிவத்தைத் திருத்தி 1937-ல் ஆறாம் ஜார்ஜுக்கும், பிறகு 1953-ல் இரண்டாம் எலிசபெத்துக்கும் பயன்படுத்தினார்கள். ரவீலியஸ் 1942-லேயே போர்க்கால ஓவியராக ஐஸ்லாந்துப் பக்கம் விமானத்தில் போய்க் காணாமல் போய்விட்டார். வாணம் வரைந்தவர் இல்லை, யாருக்காக வரைந்தாரோ அந்த ராஜாவும் அரியணையில் இல்லை. வாணம் மட்டும் மூன்று ஆட்சிக்கு வெடித்தது.

எட்டாம் எட்வர்டு கோப்பை கிடைத்தால் லட்சாதிபதி ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ரவீலியஸ் கோப்பைபோல் சில கலைப் பொருட்களுக்கு மட்டும் நல்ல விலை உண்டு. சாதாரணக் கோப்பைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவர் முடி துறப்பதற்கு முன்பே சரக்கு மலையாகக் குவிந்துவிட்டது. 'முடிசூடாத ராஜா' என்ற கதைக்காகவே ஜனங்கள் அதை வாங்கிப் பத்திரமாக வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அபூர்வமாக இருக்க முடியாது.

இந்த எட்வர்டு முகம் நம் ஊருக்கும் வந்த முகம். இளவரசராக இருந்தபோது 1921 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கினார். ஒத்துழையாமை இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பம்பாய்க் கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காந்தியடிகள் மனம் நொந்து உண்ணாவிரதம் இருந்தார். 1922 ஜனவரியில் இளவரசர் சென்னைக்கு வந்தபோதும் கடையடைப்பு, கலவரம். என் எட்வர்டு கோப்பையில் இதெல்லாம் இல்லை. சிரித்த முகம், இரண்டு கொடி, ஒரு கிரீடம், நடக்காத ஒரு விழாவின் தேதி. மீதியை நாம்தான் நிரப்ப வேண்டும். வரலாற்று ஆசிரியருக்கு வேறு என்ன வேலை?

இனி என் அலமாரியில் எனக்கு மிகப் பிடித்த பொருளுக்கு வருகிறேன். அந்தப் பழுத்த பேப்பர் நாப்கின்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் எந்த ஊர்வலம் நடந்தாலும் தெருவில் இது விற்கும். பூக்கரை போட்ட மெல்லிய காகிதம் ஜப்பானிலிருந்து வெற்றாக வந்து இறங்கும். லண்டனில் அதன் நடுவில் படத்தையும் ஊர்வல விவரத்தையும் அச்சடித்துச் சேர்ப்பார்கள். இந்தத் தொழிலில் பேர் போனவர் பர்கெஸ் என்ற பெண்மணி. இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். கோப்பைக்காரன் மாதக்கணக்கில் முன்னால் தேதி போட வேண்டும். நாப்கின்காரருக்கு ஒரு ராத்திரி போதும். தேதி மாறினால் எழுத்தை மாற்றிக் கோத்து மறுபடி அச்சடிக்கலாம். ராஜா இறந்தாலும் கவலை இல்லை. கறுப்புக் கட்டம் போட்டு இறுதி ஊர்வல நாப்கின் அச்சாகிவிடும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். மிக மலிவான, மிக மெல்லிய சரக்கில்தான் ஆபத்து மிகக் குறைவு என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாப்கின்காரர்கள் ராஜாவுக்கு மட்டும் அச்சடிக்கவில்லை. 1908 ஜூன் 21 அன்று வாக்குரிமை கேட்ட பெண்கள் லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் கூட்டம் நடத்தினார்கள். லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அதற்கும் அதே மாதிரி பூக்கரை நாப்கின் விற்றது. ராஜா ஊர்வலத்துக்கு வருபவரும் கூட்டம், ராஜ்யத்தை எதிர்த்து வருபவரும் கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் கை துடைக்க வேண்டும், வீட்டுக்கு ஒரு ஞாபகம் கொண்டுபோக வேண்டும். வியாபாரி இரண்டையும் விற்றான். கோப்பைகளை வைத்து மட்டும் வரலாறு எழுதினால் இங்கிலாந்து முழுக்க ராஜபக்தர்கள் என்று தோன்றும். பெண்கள் கேள்வி கேட்ட இங்கிலாந்து பேப்பரில் இருக்கிறது. பேப்பரை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. கை துடைத்துப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் அது அபூர்வம்.

என்னிடம் இருப்பது 1911 ஜூன் 22, ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு நாப்கின். மடிப்பில் கிழிந்திருக்கிறது. அதே ராஜாதான் அந்த டிசம்பரில் டில்லி தர்பாருக்கு வந்து, வங்கப் பிரிவினையை ரத்து செய்து, தலைநகரை கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். இது உங்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்ததே, நினைவிருக்கிறதா?

அடுத்து ஒரு தேதியைச் சொல்கிறேன்: 1897 ஜூன் 22. விக்டோரியாவின் வைரவிழா. என்னிடம் அந்தத் தேதி போட்ட கோப்பை ஒன்று உண்டு, கைப்பிடி இல்லாமல். அன்று மகாராணியின் ஊர்வலம் அந்த லட்கேட் ஹில் வழியாகத்தான் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் போனது. நடக்க முடியாததால் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. தேவாலயத்துக்கு வெளியே, வாசற்படியில் வழிபாடு நடத்தினார்கள்.

இளவரசரின் மனைவி அலெக்சாண்ட்ரா அந்த விழாவையொட்டி லண்டனின் லட்சக்கணக்கான ஏழைகளுக்குச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். அந்த நிதிக்கு 25,000 பவுண்டு கொடுத்தவர் தாமஸ் லிப்டன். ஆமாம், டீத்தூள் லிப்டன்தான். 1890-ல் இலங்கை மலைநாட்டில் எஸ்டேட்டுகளை வாங்கி, இடைத்தரகர் இல்லாமல் மலிவு விலையில் டீ விற்றுப் பணக்காரர் ஆனவர். மறு வருஷம் அவருக்கு 'சர்' பட்டம் வந்தது. அந்த எஸ்டேட்டுகளில் கொழுந்து பறித்தவர்கள் யார்? பஞ்சத்துக்குப் பயந்து நம் தென்மாவட்டங்களிலிருந்தும் மற்ற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் கடல் கடந்துபோன தமிழர்கள். வைரவிழாக் கோப்பையில் லண்டன் ஏழை குடித்த டீயில் நம் ஊர்ப் பெண்களின் விரல் பட்டிருக்கலாம். அதே 1896-97-ல் இந்தியாவில் கடும் பஞ்சம்.

அன்று இரவு புனாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிளேக் நோய்த் தடுப்பு என்ற பெயரில் வீடுகளுக்குள் சிப்பாய்களைப் புகவிட்டு மக்களின் வெறுப்பைச் சம்பாதித்திருந்த ரேண்ட் என்ற அதிகாரி, கவர்னர் மாளிகையில் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். கூட வந்த அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ரேண்ட் சில நாள் கழித்து இறந்தார். தாமோதர் ஹரி சாபேகரை 1898-லும், தம்பிகள் பாலகிருஷ்ணனையும் வாசுதேவையும் 1899-லும் தூக்கிலிட்டார்கள். பாடப் புத்தகத்தில் அது ஒரு பாரா. என் கைப்பிடியில்லாத கோப்பையிலும் அதே தேதிதான். அச்சடித்தவனுக்குத் தன் தேதி எங்கெங்கே போய் முட்டும் என்று தெரியாது.

விற்பனைக்கு இல்லாத ஒரு கோப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் இல்லை, என் விலைக்குக் கிடைக்கவும் கிடைக்காது. 1896-ல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் முடிசூடியபோது மாஸ்கோவின் ஹோடின்கா மைதானத்தில் ஜனங்களுக்கு இலவசப் பரிசு அறிவித்தார்கள். ராஜா ராணி முதலெழுத்தும் 1896 என்ற ஆண்டும் போட்ட ஓர் எனாமல் குவளை, கொஞ்சம் ரொட்டி, இறைச்சி, இனிப்பு, எல்லாம் ஒரு துணியில் கட்டியது. நான்கு லட்சம் பொட்டலம் தயார். அதைவிட அதிகக் கூட்டம் விடியும் முன்பே கூடிவிட்டது. பரிசு தீர்ந்துவிடும் என்று வதந்தி. பள்ளமும் குழியுமான மைதானத்தில் நெரிசல். அரசுக் கணக்குப்படியே 1,389 பேர் இறந்தார்கள். அன்று இரவு பேரரசர் பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்குப் போனார். மக்கள் அதை மறக்கவில்லை. அந்தக் குவளைக்கு 'துயரக் குவளை' என்று பெயர் நின்றுவிட்டது. அதன்மேல் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது அதைப் பார்க்கிறவர் கண்.

இதெல்லாம் பழங்கதை, இன்று கம்ப்யூட்டர் காலத்தில் தேதி தப்பாது என்று நினைக்காதீர்கள். 2005-ல் அன்றைய இளவரசர் சார்லஸுக்கும் கமீலாவுக்கும் ஏப்ரல் 8 அன்று கல்யாணம் என்று நிச்சயித்தார்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி போப் இரண்டாம் ஜான் பால் இறந்தார். இறுதிச் சடங்கு ஏப்ரல் 8. சார்லஸ் ரோமுக்குப் போக வேண்டியதாயிற்று. கல்யாணம் ஒரு நாள் தள்ளிப்போனது. வின்ட்சர் கடைகளில் ஏப்ரல் 8 போட்ட சாமான்கள் நிறைந்திருந்தன. இந்த முறை வியாபாரிக்கு நஷ்டம் இல்லை. தப்பான தேதிக்கு விலை ஏறும் என்று ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். நூறு வருஷத்தில் வாங்குகிறவர்கள் தெளிந்துவிட்டார்கள்.

2022-ல் எலிசபெத் ராணியின் பிளாட்டினம் ஜூபிலிக்குச் சீனாவிலிருந்து வந்த 10,800 கோப்பை, தட்டுகளில் 'ஜூபிலி' என்பதற்குப் பதில் 'ஜப்ளி' என்று அச்சாகி வந்தது. இங்கிலாந்தே சிரித்தது. அவர்களுடைய புகழ்பெற்ற ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் நாயகன் சந்தையில் தில்லுமுல்லுச் சரக்கு விற்கிற வியாபாரி. அவன் வாய்க்கு வாய் சொல்லும் வார்த்தை 'லவ்லி ஜப்ளி'. ராணியின் கோப்பையில் தெரு வியாபாரியின் குரல் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. இதைவிடப் பொருத்தமான பிழை அமையாது. அதே வருஷம் செப்டம்பர் 8 அன்று ராணி காலமானார்.

அந்தக் கேள்விக்கு இப்போது என் பதில்.

வெள்ளைக்கார ராஜாவின் முகம் நம் வீடுகளில் எப்போதோ நுழைந்துவிட்டது. கல்யாணத்துக்கு இத்தனை சவரன் என்று பேசுகிறோமே, அந்தச் சவரன், ராஜா தலை பொறித்த 'சாவரின்' என்ற ஆங்கிலத் தங்க நாணயம்தான். அதன் எடை ஏறத்தாழ எட்டு கிராம். அதனால்தான் நமக்குப் பவுன் எட்டு கிராம். அந்த நாணயத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை, தங்கம் அல்லவா! ஒன்றரை பவுண்டு கோப்பையைத்தான் கேட்கிறார்கள்.

சாபேகர்களுக்கும் வ.உ.சி.க்கும் நான் எந்தத் துரோகமும் செய்யவில்லை. அரண்மனை தன் வரலாற்றைப் பளிங்கில் எழுதி வைத்திருக்கிறது, அதைப் பாதுகாக்க ஆள் இருக்கிறது. தெரு வியாபாரி தன் வரலாற்றை எழுதவில்லை. அவன் விட்டுப்போனது விற்ற சரக்கு மட்டும்தான். ராஜாவை நம்பி முதல் போட்டவன், ராஜாவுக்கு வயிற்றுவலி வந்தால் பட்டினி கிடந்தவன். அவன் சரக்கைத்தான் நான் துடைத்து வைக்கிறேன். அதன் மேல் யார் முகம் என்பது அந்த நாளின் சந்தை நிலவரம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் பழக்கம் போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனிலும் மற்ற ஊர்களிலும் இருக்கும் மாணவர்களே, அடுத்து ஏதாவது முடிசூட்டு விழாவோ ராஜ கல்யாணமோ வந்தால், அரண்மனைக் கடைக்குப் போகாதீர்கள். விழா அன்று காலை ஊர்வலப் பாதையில் நடந்துகொண்டே விற்கிற ஆளைத் தேடுங்கள். 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் சான்றிதழ் வாங்கி, ஓரிடத்தில் கடை விரிக்காமல் நடந்தே விற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவரிடம் இருப்பதிலேயே மலிவானதை வாங்குங்கள். பேப்பராக இருந்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த ஊர்க்காரர், சரக்கை எங்கே எடுத்தார், எவ்வளவு முதல் போட்டார், மிஞ்சினால் என்ன செய்வார். பதிலை ஒரு துண்டுச் சீட்டில் தேதியோடு எழுதி அந்தப் பொருளுக்குள் போட்டு வையுங்கள். என் நாற்பது உருப்படியில் ஒன்றில்கூட அப்படி ஒரு சீட்டு இல்லை. விற்றவர் பெயர் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் எழுதும் சீட்டில் அது இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்